வான்கோழியும் வராத கூலியும்

டிசம்பர் பிறந்ததும் நாளிதழ்களின் உணவுப் பக்கங்களில் ஒரு கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் எழுகிறது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி வாங்குவதா? விலை கட்டுப்படியாகாவிட்டால் மாற்று என்ன? வாத்து, நாட்டுக்கோழி, காடை, முந்திரி போட்ட காய்கறிப் புலவு என்று பட்டியல் நீள்கிறது. பல்கலைக்கழகங்களில் இதே கேள்வி சற்றுக் கனத்த உடை உடுத்தி வருகிறது. பண்டிகை உணவும் அடையாளமும், விளிம்புநிலை மக்களின் மாற்று உணவு மரபுகள் என்றெல்லாம் கருத்தரங்குகளுக்குத் தலைப்பிடப்படுகிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் அனுமானம் ஒன்றே. உண்பவர் கையில் காசு இருக்கிறது. எதை வாங்குவது என்பதே எஞ்சியுள்ள சிக்கல் என்பது அந்த அனுமானம். அது பொய்த்துப்போகும் இடங்களுள் ஒன்று போனக்காடு.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரையைக் கடந்து மலையேறினால் போனக்காடு வரும். அகத்தியர்கூடம் ஏறுவோர் நடக்கத் தொடங்கும் இடம் அது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய தேயிலைத் தோட்டம். அதில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் குடியிருக்கும் லயங்கள். நிர்வாகம் தோட்டத்தைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கூலி நிலுவை, ஓய்வு பெற்றோருக்குச் சேர வேண்டிய பணிக்கொடை நிலுவை, கூரை ஒழுகும் வீடு என்பவையே அங்கு எஞ்சியிருக்கும் கணக்கு. ஆயினும் வெளியார் வரவுக்குக் குறைவில்லை. மலையேறிகள் வருகிறார்கள். '25 ஜிபி பங்களா' என்று பெயர்பெற்ற பழைய துரை மாளிகையில் பேய் உலவுகிறதா என்று படம்பிடிக்க இளைஞர்கள் வருகிறார்கள். இல்லாத பேயைத் தேடிக் காடு கடந்து வருவோர், இருக்கும் மனிதரின் கதவைத் தட்டிக் கூலி வந்ததா என்று கேட்பதில்லை. பேயைத் தேடும் இளைஞரை மன்னித்துவிடலாம். ஆராய்ச்சி என்ற பெயரில் அதே வழியே போய்த் திரும்புவோரை எளிதில் மன்னிக்க இயலாது.

பண்டிகை விருந்து கூலியின் ஒரு பகுதி. கூலி நின்றுபோன இடத்தில் மாற்று உணவைப் பற்றிப் பேசுவது, பேசுவோர் எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், கூலி தராதவரைக் காப்பாற்றும் பேச்சாகவே முடியும்.

அமெரிக்காவில் நன்றியறிதல் நாள் விருந்தின் செலவை அந்நாட்டுப் பண்ணைக் கூட்டமைப்பு 1986 முதல் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. பத்துப் பேர் உண்ணும் வான்கோழி விருந்துக்கு 1986இல் 28.74 டாலர், 2024இல் 58.08 டாலர். செய்தித்தாள்கள் அந்த எண்ணைத் தலைப்பில் இட்டு மகிழ்கின்றன, அல்லது வருந்துகின்றன. ஆனால் விலை என்பது பின்னத்தின் தொகுதி மட்டுமே. அதன் பகுதி கூலி. எத்தனை மணிநேர உழைப்புக்கு இந்த விருந்து கிடைக்கும் என்று வகுத்துப் பார்த்தால்தான் மலிவும் அருமையும் தெரியும். பகுதி சுழியானால் பின்னத்துக்குப் பொருளே இல்லை. போனக்காட்டில் நேர்ந்திருப்பது அதுவே. அங்கு வான்கோழி விலை உயர்ந்தது என்பதும், கோழி விலை தாழ்ந்தது என்பதும் ஒரே அளவுக்குப் பொருளற்ற கூற்றுகள்.

இதற்கு ஒரு சாரார் வைத்திருக்கும் விடை எளியது. வான்கோழி அயல்நாட்டுப் பறவை. கிறிஸ்துமஸ் மேசையில் அதை வைப்பது காலனிய மிச்சம். நம் மண்ணின் உணவுக்குத் திரும்பினால் சிக்கல் தீரும் என்பார்கள். மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடப் புகுந்த வான்கோழியை மேற்கோளுக்கு அழைத்துக்கொள்வதும் உண்டு. மூதுரையைக் கொலம்பசுக்கு முற்பட்டதாகக் கொண்டால், அதில் வரும் வான்கோழி அமெரிக்கப் பறவையாக இருக்க வழியில்லை. பழைய பெயர் ஒன்று பின்னர் வந்த பறவைமேல் ஏறியிருக்கிறது. இந்தப் பெயர்மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் இதைத் துருக்கியின் பறவை என்றனர். துருக்கியர் 'ஹிந்தி' என்றனர். பிரெஞ்சுக்காரர் வைத்த பெயருக்கும் இந்தியாவைச் சேர்ந்தது என்பதே பொருள். போர்ச்சுக்கீசியர் 'பெரு' என்றனர். எகிப்திய அரபியில் அது ரோமச் சேவல். டச்சு மொழியில் வழங்கும் 'கல்கூன்' என்னும் சொல் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்தது. மெக்சிகோவில் மனிதர் வளர்த்துப் பழக்கிய ஒரு பறவை, தான் பிறந்தறியாத கோழிக்கோட்டின் பெயரை ஐரோப்பாவில் சுமந்து திரிகிறது. ஆளாளுக்கு அதை வேறொரு நாட்டின் தலையில் கட்டினார்கள். வணிகக் கப்பல் எங்கிருந்து வந்ததாகத் தோன்றியதோ அதுவே பெயராயிற்று. மரபு என்று போற்றப்படும் விருந்துகள் பலவற்றின் பிறப்பும் இத்தகையதே.

அயல் என்பதற்காக ஓர் உணவை ஒதுக்கினால் கேரளத்தின் அடுப்பில் மிஞ்சுவது சொற்பம். மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. மரவள்ளியும் அங்கிருந்தே வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் ஏழைகளை உயிரோடு வைத்திருந்தது அந்தக் கிழங்கு. வான்கோழியும் மரவள்ளியும் அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து புறப்பட்ட இரு பயணிகள். ஒன்று துரையின் மேசைக்குப் போயிற்று. மற்றொன்று கூலிக்காரரின் சட்டிக்குப் போயிற்று. எது எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்தது மண்ணின் மணம் அன்று, வாங்கும் சக்தி.

கேரளக் கிறிஸ்துமஸின் அடையாளமாகிவிட்ட கேக்கின் கதையும் இதற்குச் சான்று. 1883இல் தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு தம் அடுமனையில் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்று அந்நகரம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அதைச் செய்யச் சொன்னவர் அஞ்சரக்கண்டித் தோட்டத்துப் பிரவுன் துரை. பாப்புவின் திறன் போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த மரபின் முதல் வரியில் ஒரு தோட்ட முதலாளியின் கட்டளை இருக்கிறது. அதே காலத்தில் வட இந்தியாவில் 'டாலி' என்றொரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று கீழ்நிலை ஊழியரும் ஒப்பந்தக்காரரும் பழம், பூ, பறவை என்று தட்டு நிறைய ஏந்திக்கொண்டு துரையின் வாசலில் நிற்க வேண்டும். பண்டிகைப் பொருள் கீழிருந்து மேலே சென்றது. விருந்தைப் பற்றி ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதை. என்ன சமைத்தார்கள் என்பது அதற்குப் பின்.

வான்கோழியைக் கிறிஸ்துமஸோடு பிணைத்ததில் 1843இல் வெளிவந்த டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கரோல்' கதைக்குப் பெரும் பங்கு உண்டு. கதையில் எழுத்தர் கிராட்சிட்டின் குடும்பம் உண்பது வாத்து. மனம் திருந்திய கஞ்ச முதலாளி ஸ்குரூஜ் மறுநாள் விடிந்ததும் கடையிலேயே பெரிய வான்கோழியை வாங்கி அவ்வீட்டுக்கு அனுப்புகிறார். உலகம் அந்தப் பறவையை நினைவில் வைத்துக்கொண்டது. அதற்கும் அடுத்த நாள் அலுவலகத்தில் நடந்ததை மறந்துவிட்டது. ஸ்குரூஜ் கிராட்சிட்டின் சம்பளத்தை உயர்த்துகிறார். அந்த உயர்வு இல்லாதிருந்தால் வான்கோழி ஒருநாள் பிச்சை. டிக்கன்ஸ் இரண்டையும் சேர்த்தே எழுதினார். கொண்டாட்ட மரபு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

அக்காலத்து இலண்டன் தொழிலாளர் வாத்து வாங்குவதற்கென்றே சங்கம் வைத்து வாராவாரம் சில்லறை கட்டினார்கள். தமிழ்நாட்டில் தீபாவளிச் சீட்டு, பொங்கல் சீட்டு என்று பெண்கள் கட்டிவருவதும் அதுவே. சீட்டைச் சிக்கனப் பண்பாடு என்றும், மகளிர் வலைப்பின்னல் என்றும் புகழ்ந்து கட்டுரை எழுதலாம். ஒரு நாள் சோற்றுக்காக ஐம்பது வாரம் வயிற்றைச் சுருக்க வேண்டிய அளவில் கூலி ஏன் இருக்கிறது என்ற கேள்வி அக்கட்டுரைகளில் அரிதாகவே வருகிறது.

இந்தியச் சட்டம் இக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்த அளவு 8.33 விழுக்காடும் உச்ச அளவு 20 விழுக்காடும் விதித்தது. அதன் இடத்தில் வகுக்கப்பட்ட 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதே விகிதத்தைக் கொண்டிருக்கிறது. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, கணக்கில் கொள்ளும் ஊதியத்துக்கு வரம்பு உண்டு என்பதை நீக்கிப் பார்த்தால், ஆண்டுக்குப் பதின்மூன்றாவது மாதம் ஒன்று உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் குறைந்த அளவைக் கொடுக்க வேண்டும். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பணமாகவே கொடுக்கச் சொன்னது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு 'பூசை போனஸ்' என்ற சொல்லையே ஆள்கிறது. ஆகவே பண்டிகைச் செலவு முதலாளியின் ஈகை அன்று. உழைத்த ஆண்டின் நிலுவை. உரிமையைப் பணமாகக் கேட்பதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. பணம் கையில் இருந்தால் கோழியா, புத்தாடையா, மகளின் கல்விக் கட்டணமா என்று வாங்குபவர் முடிவு செய்வார். பொருளாகக் கொடுத்தால் கொடுப்பவர் முடிவு செய்வார்.

இதை நூலைப் படித்து அறியாமல் வாழ்ந்து அறிந்தவர்கள் மூணாற்றின் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டம்பரில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து அவர்கள் தெருவில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துத் தாங்களே பேசினார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அந்தப் போராட்டத்தில் நிலைத்தது. ஒன்பது நாள் கழிந்து 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு பெற்றார்கள். நாள் கூலி அன்று 232 ரூபாய். 500 கேட்டுப் போராட்டம் தொடர்ந்தது; 301இல் உடன்பாடு முடிந்தது. அந்த எண்களுக்குள் கருணைத் தொகை என்றொரு சொல் நுழைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். போராடிப் பெற்ற பணத்தில் பாதிக்கு மேற்பட்டதற்குக் கருணை என்று பெயர். உரிமையை ஈகையாக மொழிபெயர்க்கும் இத்தகைய சொற்களை ஆராய்வதுதான் மொழியியல் துறைக்குப் பொருத்தமான பணி.

இலங்கை மலையகத்தில் வேறொரு சொல் வழங்குகிறது. தீபாவளிக்கு அங்கே கிடைப்பது 'முற்பணம்'. பண்டிகைக்கு முன் கொடுத்துப் பின்னர்க் கூலியில் தவணையாகப் பிடித்துக்கொள்வார்கள். தமது கூலியைத் தாமே கடன் வாங்கித் தமது பண்டிகையைக் கொண்டாடுகிறார்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த காலத்தில், கடனை அடைத்தால் ஆளை விடுவிப்பதாக எழுதிக்கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. முன்னதாகப் பணம் கொடுத்துப் பின்னதாகக் கூலியைப் பிடிக்கும் பழக்கம் பண்டிகையின் பெயரில் இன்றும் நீடிக்கிறது. மூணாற்றில் கருணை; மலையகத்தில் முற்பணம்; போனக்காட்டில் இரண்டும் இல்லை. கொடுக்க நிர்வாகமே இல்லாத இடத்தில் 8.33 விழுக்காட்டை எதன்மேல் கணக்கிடுவது?

மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு: 'காணம் விற்றும் ஓணம் உண்ணணம்.' இருப்பதை விற்றாவது ஓணத்தன்று உண்ண வேண்டும் என்பது அதன் பொருள். பண்டிகை உணவைப் பற்றிய எந்தக் கட்டுரையும் இதை மேற்கோள் காட்டாமல் முடிவதில்லை. மலையாளியின் கொண்டாட்ட மனம் இதில் ஒளிர்வதாக விளக்கமும் தருவார்கள். காணம் என்பது என்ன என்று சற்று நின்று கேட்பது நல்லது. அது நிலத்தின்மேல் உள்ள ஒருவகைக் குத்தகை, அடமான உரிமை. விற்பதற்குக் காணம் உள்ளவரைப் பற்றிய பழமொழி இது. கேரள நிலச்சீர்திருத்தம் 1970 சனவரி முதல் நாள் குத்தகை முறையை ஒழித்தபோது காணக்காரர் நில உடைமையாளர் ஆனார்கள். தோட்டங்களுக்கோ நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. லயத்தில் வாழ்ந்தவர் அன்றும் நிலமற்றவர், இன்றும் நிலமற்றவர். குடியிருக்கும் வீடும் அவருடையதன்று; தோட்டத்துடையது. விற்பதற்கு எதுவும் இல்லாதவரிடம் இப்பழமொழியைப் பண்பாடாகச் சொல்வது அறியாமை. ஆய்வாகச் சொல்வது அதனினும் கீழானது.

இங்கே இரு மறுப்புகள் எழும். முதலாவது, அரசு இலவச அரிசியும் பண்டிகைக் காலங்களில் பொருள்தொகுப்பும் தருகிறதே என்பது. அவை பட்டினியைத் தடுக்கின்றன. அதற்கு நன்றி உண்டு. ஆனால் அவை கூலி பாக்கியை அடைக்கவில்லை. பாக்கி வைத்தவர் பெயர் செய்தியிலிருந்து மறைந்து, கொடுத்தவர் பெயர் பையின்மேல் அச்சாவதற்குத்தான் அவை வழிசெய்கின்றன. இரண்டாவது மறுப்பு மென்மையானது, ஆகையால் ஆபத்தானது. ஏழைகள் உள்ளதைக் கொண்டு மகிழத் தெரிந்தவர்கள். பணத்தைக் கொண்டு பண்டிகையை அளப்பது நடுத்தர வகுப்பின் பார்வை என்பது அது. லயத்து வாழ்வை ஓரளவேனும் அறிந்தவர் இதைச் சொல்ல மாட்டார்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் அதைச் செய்யுள் வனப்புகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகிறது. புதிதாக வந்தவர் விருந்தினர். அவருக்கு இடும் உணவு பின்னர் விருந்து ஆயிற்று. தான் உண்பதற்கு அச்சொல் பிறக்கவில்லை. தோட்டத்து லயங்களில் இப்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு சுவர் தள்ளி மற்றொரு குடும்பம். ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ், அடுத்ததில் தீபாவளி, அதற்கடுத்ததில் பெருநாள். பலகாரத் தட்டு வாசலுக்கு வாசல் போகும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். அந்தப் பிடி சர்க்கரையும் இல்லாத வீடு என்ன செய்யும்? அடுத்த பண்டிகைக்குத் தட்டு வருவதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொள்ளும், அல்லது ஊருக்குப் போவதாகச் சொல்லும். கூலி நிற்பதால் போவது ஒருவேளை இறைச்சி மட்டும் அன்று. கொடுக்கவும் பெறவும் தகுதி உள்ளவர் என்ற நிலையும் போகிறது. இதை 'எளிமையின் அழகு' என்று எழுதும் கை, அந்தச் சாத்திய கதவுக்கு வெளியே நின்று எழுதுகிறது.

கல்விப்புலத்தார் இத்தனையும் தோட்டத்தைப் பற்றியது என்று எண்ணி அமைதிகொள்ளத் தேவையில்லை. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, அச்சட்டம் பொருந்தாத இடங்களைப் பட்டியலிடும்போது பல்கலைக்கழகங்களையும் கல்வி நிறுவனங்களையும் சேர்த்துச் சொல்கிறது. உணவுப் பண்பாட்டுக் கருத்தரங்கின் மதிய விருந்துக்கு இலை போடுபவர், விடுதியில் பாத்திரம் துலக்குபவர், வளாகத்தைக் கூட்டுபவர் ஆகியோருக்குப் பண்டிகைக்கு என்ன கிடைக்கிறது, யாரிடமிருந்து கிடைக்கிறது, ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று எத்தனை துறைகள் கேட்டிருக்கும்? உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் விடுதிக் கட்டணத்துக்குத் திண்டாடிய ஆய்வு மாணவருக்கு நிலுவை என்ற சொல்லின் சுவை தெரியும். அம்மாணவரிடம் 'மாற்று உணவு மரபு'க்குத் திரும்புமாறு யாரும் அறிவுரை சொல்வதில்லை. தொகையை விடுவிக்குமாறு கடிதம் எழுதுகிறார்கள். அந்த மரியாதையே போனக்காட்டுக்கும் உரியது.

ஆகவே தோட்டத்துப் பண்டிகையை ஆராயப் புறப்படுவோர் சமையல் குறிப்புக்கு முன்பு சிலவற்றைப் பதிவு செய்யட்டும். கடைசியாகக் கூலி வந்தது எப்போது? எத்தனை ஆண்டு போனஸ் பாக்கி? பணிக்கொடை பெறாமலே இறந்தவர் அவ்வீட்டில் உண்டா? வீடு யார் பெயரில் இருக்கிறது? இவை இல்லாத களக்குறிப்பு முழுமையற்றது என்று நெறியாளர்கள் திருப்பி அனுப்பட்டும். ஆய்விதழ்களும் அவ்வாறே செய்யட்டும்.

போனக்காட்டார் கேட்டுவருவது நிலுவைக் கூலியும், பணிக்கொடையும், குடியிருக்கத் தகுந்த வீடும். அவை வந்து சேர்ந்த பிறகு வரும் டிசம்பரில் அவர்கள் வான்கோழி வாங்கலாம், கோழி வாங்கலாம், மரவள்ளியை வேகவைத்து மீன்குழம்போடு தின்றுவிட்டு மீதிப் பணத்தில் கூரையைச் சீர்செய்யலாம். எது மரபு, எது மாற்று என்பதை அன்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அதுவரை அவர்கள் சார்பில் விருந்துப் பட்டியல் தயாரிப்பதைக் கற்றோர் நிறுத்திவைப்பது நல்லது.